பதினேழாம் தோட்டத்து ஊளைப் பெட்டி

"ஃபோர்ட்மன் அம்மா, மணி ஒண்ணு ஏழு. உங்க பெட்டி இன்னும் ஊளையிடுது."

"ஊளையிடலை, டோர்ன் ஐயா. ஓடுது."

"ஐம்பத்திரண்டு டெசிபல் ஓடுது."

வேலிக்கு வெளியே நின்றவர் ஆல்பிரெக்ட் டோர்ன், அடுக்குமாடிக்காரர்கள் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் தோட்டக் காலனியின் தலைவர். ஒரு கையில் இந்த வருஷம்தான் சங்கம் வாங்கிய ஒலி அளக்கும் கருவி, மறு கையில் மடக்கு அளவுகோல். அளவுகோலுக்கு அன்று வேலையே இல்லை. ஆனாலும் அது இல்லாமல் அவர் நடமாடி அந்த நாற்பத்திரண்டு தோட்டங்களில் ஒருவரும் பார்த்ததில்லை.

"ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் மதிய அமைதி. பதினோராம் விதி. ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைங்க, போதும்."

"நிறுத்தினா செத்துடும்."

"எது?"

"பெட்டிதான். முப்பத்தாறு வயசு ஹார்ட் டிஸ்க். உள்ளே தட்டு சுத்துற வரைக்கும்தான் உயிர். நின்னுச்சுன்னா ஊசி தட்டோட ஒட்டிக்கும், அப்புறம் அசையாது. நீங்க கேக்குறது ரெண்டு மணி நேர அமைதி. அது தரப்போறது நிரந்தர அமைதி."

டோர்ன் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து வேலிக்கு மேலே நீட்டினார். முன்னமே தட்டச்சு செய்து ஒட்டி எடுத்து வந்திருந்தார்.

"முதல் எச்சரிக்கை. ஒரு வருஷத்துல மூணு சேர்ந்தா தோட்டத்தைக் காலி பண்ணணும். நான் வெச்ச விதி இல்லை."

"நீங்கதானே எழுதினீங்க?"

"எழுதினது நான். வெச்சது பொதுக்குழு."

கெர்லிண்டே ஃபோர்ட்மன் உறையை வாங்கி, பழக்க தோஷத்தில் முதலில் அஞ்சல் எண் சரியா என்று பார்த்தாள். நாற்பது வருஷம் பொக்கும் நகரத் தபால் நிலையத்தில் ஊர் வாரியாகக் கடிதம் பிரித்தவள். எதையும் எண்ணில்லாமல் விட அவளுக்கு மனசு வராது. 1988இல் பதினேழாம் தோட்டத்தில் முதல் உருளைக்கிழங்கைத் தோண்டியபோது அதற்கும் ஓர் எண் கொடுத்தாள். அடுத்த வருஷம் அதையே விதைத்தாள். முளைத்து வந்ததற்கெல்லாம் எண், எடை, இன்னாருக்குப் பிறந்தது என்ற குறிப்பு. அப்படியே வருஷா வருஷம். தோட்டக் குடிசைக்குள் பழைய அட்டாரி கணினி ஒன்று. அதன் பக்கத்தில், சிமெண்டுப் பலகை மேல், செருப்புப் பெட்டி அளவுக்கு அந்த ஹார்ட் டிஸ்க். அதற்குள்ளே நாற்பத்தோராயிரத்து இருநூற்றாறு உருளைக்கிழங்குகளின் குலவரலாறு. ஏப்ரலில் விதைக்கும் அன்று பெட்டியைப் போட்டால் அக்டோபர் அறுவடை முடியும்வரை நிறுத்த மாட்டாள். ஒவ்வொரு ஏப்ரலிலும் அதை எழுப்புவது போன ஏப்ரலைவிடப் பெரும்பாடாக இருந்தது. போன முறை வெந்நீர்ப் பையைக் கட்டிவைத்து மூன்று நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

வீட்டுக்கு எடுத்துப் போகலாமே என்றால், நாலாவது மாடியில் உருளைக்கிழங்கு விளையாது. தோட்டம் போனால் வம்சம் போச்சு.

"அக்கா, மாட்டிக்கிட்டியா?" பதினெட்டாம் தோட்டத்து மிளகாய்ச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது. நெவ்சாத். சுரங்கத்தில் முப்பது வருஷம் கரி வெட்டி ஓய்வு பெற்றவன்; மண்ணுக்கு மேலே வந்தபிறகும் குனிந்தே நடப்பான்.

"முதல் எச்சரிக்கை."

"எங்க ஊர்ல பாட்டன் பேரைக்கூட எல்லாருக்கும் தெரியாது. நீ கிழங்குக்கு முப்பத்தாறு தலைமுறை வெச்சிருக்கே. இதுக்கு ஒரு எச்சரிக்கை கம்மிதான்."

"சிரிக்காதே. இது யார் பிள்ளைன்னு தெரியாம ஒரு கிழங்கை எப்படி வேக வைக்கிறது?"

"நாங்கல்லாம் உப்புப் போட்டுத்தான் வேக வைக்கிறோம்."

அன்றைக்கே முடிவு பண்ணினாள். சத்தமே போடாத ஒரு ஹார்ட் டிஸ்க் கட்டவேண்டும், அதுவும் மலிவாக. பழங்கணினிக்காரர்கள் இணையத்தில் கூடிப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. மூன்று நாள் அதைப் படித்தாள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு நீலப் பலகை, ஒரு மெமரி கார்டு, பழைய கைபேசி சார்ஜர். பலகை அந்தப் பழைய கணினியிடம், 'நான்தான் ஹார்ட் டிஸ்க்' என்று கூசாமல் பொய் சொல்லும். கணினியும் நம்பிவிடும். மொத்தச் செலவு காளான் போட்ட ஒரு பீட்சாவுக்குச் சமம்.

ஒரே ஒரு சிக்கல். கணினியின் பின்பக்கத் துளைக்குப் பத்தொன்பது ஊசிச் செருகி வேண்டும். அதை இப்போது யாரும் செய்வதில்லை. கடையில் கிடைப்பது இருபத்தைந்து ஊசி.

"அப்போ?" என்றான் நெவ்சாத்.

"ஆறு ஊசியை அறுத்து எடுக்கணுமாம். மேல் வரிசையில மூணு, கீழ் வரிசையில மூணு."

"யார் சொன்னா?"

"எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம்."

"முழுசா இருக்கிறதை வாங்கி வெட்டிக் குறைக்கிறீங்க. சரி. நான் பிடிச்சுக்கறேன்."

செடி நடும் மேசையில் செருகியை இறுக்கிவிட்டு, நெவ்சாத் பிடித்துக்கொள்ள, கெர்லிண்டே இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பித்தது. பிளாஸ்டிக் வெண்ணெய் மாதிரி போனது. மேலே போர்த்திய தகடு மட்டும் முரண்டு பிடித்தது. தேவாலய மணி ஒன்று அடித்தபோது முடியளவு தகடு பாக்கி.

"அக்கா, மணி ஒண்ணு. விட்டுடு."

"இப்ப விட்டா ரம்பம் வழுக்கி ஊசி போயிடும். ஒரே ஒரு இழுப்பு."

இழுத்தாள். ஆறு ஊசியும் தனியே விழுந்தன. வேலிக்கு மேலே உறை நீண்டது.

"ரெண்டாம் எச்சரிக்கை, ஃபோர்ட்மன் அம்மா."

"ஒரே இழுப்புத்தானே, டோர்ன் ஐயா!"

"முன்னே ஒண்ணு, பின்னே ஒண்ணு. ரெண்டு. எண்ணினேன்."

"இதையும் முன்னாடியே தட்டச்சு பண்ணி வெச்சிருந்தீங்களா?"

"ரம்பம் பன்னிரண்டே முக்காலுக்குக் கேட்டுச்சு. உங்களை எனக்கு இருபது வருஷமாத் தெரியும்."

அதற்குப் பிறகு கெர்லிண்டே மூன்று மணிக்கு முன் தும்மக்கூட இல்லை. மூன்றடித்ததும் கம்பிகளைப் பற்றவைத்தாள். பெட்டிக்கு நெவ்சாத் வீட்டு வெள்ளைப் பாலாடைக்கட்டி டப்பா. நாலு தரம் கழுவியும் உப்புநீர் வாசம் போகவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பழைய பெட்டி ஊளையிட ஊளையிட, கிழங்குகள் எல்லாம் தலைமுறை வாரியாக டப்பாவுக்குக் குடிபெயர்ந்தன. கடைசியாக முதல் கிழங்கைத் திரையில் வரவழைத்தாள். எண் 1, 1988, எண்பத்து நாலு கிராம், பெற்றோர் தெரியாது.

"வந்துடுச்சா?" என்றான் நெவ்சாத்.

"வந்துடுச்சு."

"எங்க வீட்டுப் பாலாடைக்கட்டி டப்பாவுல ஒரு வம்சமே உக்காந்திருக்கு. நான் அதுல தயிர் ஊத்தலாம்னு இருந்தேன்."

பழைய பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பும் கிழவர்போல் அது நீளமாக ஒரு மூச்சு விட்டு, முனகி, அடங்கியது.

மறுநாள் ஒரு மணிக்குக் காலனியில் இறங்கிய அமைதியில் பல பேருக்குத் தூக்கமே வரவில்லை. டோர்ன் கருவியோடு வந்தார்.

"முப்பத்தொண்ணு," என்றார் பரவசமாக. "அதுவும் என் மூச்சு."

அமைதி பதினோரு நாள் நீடித்தது. பன்னிரண்டாம் நாள் டோர்ன் தம் முதலாம் தோட்டத்தில் கிழங்குச் செலரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இலையுதிர்காலமும் காலனிப் போட்டியில் பரிசு வாங்குகிற செலரி. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று லேசாக நடுங்கியது. பிறகு இலையோடு, தண்டோடு, நிதானமாகக் கீழே போனது. அது நின்ற இடத்தில் ஒரு துளை மட்டும்.

"லிஃப்ட்ல போற மாதிரி போச்சு," என்று அன்றைக்கு எல்லோரிடமும் சொன்னார். "அவசரமே படலை."

வளை எலி. மண்ணுக்குள்ளேயே குடியிருந்து வேரைத் தின்னும் குட்டை வால் எலி. ஐந்தாம் தோட்டத்தில் கேரட் போனது. பன்னிரண்டில் ஒரு ஆப்பிள் கன்று, பல் குத்தும் குச்சிபோல் சாய்ந்தது. யாரும் நம்பவில்லை. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் எலித் தொல்லை எப்போதும் உண்டு. இங்கே முப்பத்தாறு வருஷமாக ஒன்றுகூட வந்ததில்லை. அதற்காகவே நகரத் தோட்டச் சங்கம் டோர்னுக்கு ஒன்பது கேடயம் கொடுத்திருந்தது. 'சீரிய நிர்வாகத்தால் எலியற்ற காலனி' என்று ஒன்பதிலும் பொறித்திருந்தது.

ஒரு காலையில் கெர்லிண்டேயின் பாத்தியிலும் மூன்று செடி வாடிக் கிடந்தன. தோண்டினால் கிழங்கு இல்லை. சுரங்கம்தான் இருந்தது.

நெவ்சாத் ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு படுத்தான்.

"என்ன பண்றே?"

"பேசாதே. கீழே பாறை முனகுதான்னு நாங்க இப்படித்தான் கேப்போம்." கொஞ்ச நேரம் கேட்டான். "கடிக்கிறானுங்க, அக்கா. ஷிஃப்ட் போட்டுக் கடிக்கிறானுங்க. ஆனா ஒண்ணு சொல்லு. இத்தனை வருஷம் இதே கம்பியை எங்கே குத்தினாலும் எனக்கு ஒரே சத்தம்தான் கேக்கும். உன் பெட்டி. சிமெண்டுப் பலகைக்குக் கீழே பழைய தண்ணிக் குழாய் போகுது. அது நாப்பத்திரண்டு தோட்டத்துக்கும் போகுது."

கெர்லிண்டே அவனைப் பார்த்தாள். பிறகு துளையைப் பார்த்தாள்.

"அப்போ எலியை விரட்டினது..."

"சீரிய நிர்வாகம் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மன்றக் கூடத்தில் அவசரப் பொதுக்குழு. உருளைக்கிழங்கு சாலட்டும் சாசேஜும் வைத்திருந்தார்கள். கெர்லிண்டே சாலட்டை முள்கரண்டியால் கிளறிப் பார்த்து, "கடைக் கிழங்கு, ஊர் பேர் தெரியாதது," என்று தள்ளி வைத்தாள். நெவ்சாத் எழுந்து நின்று குழாய் விஷயத்தைச் சொன்னான். ஒன்பது கேடயங்களும் சுவரிலிருந்து டோர்னைப் பார்த்தன. டோர்ன் தரையைப் பார்த்தார்.

"ஃபோர்ட்மன் அம்மா," என்றார் கடைசியில், "காலனி சார்பா கேட்டுக்கறேன். பழைய பெட்டியை ஓட விடுங்க. ராத்திரி பகல், நிறுத்தாம."

"மத்தியானமும்?"

"எலி மத்தியானமும் கடிக்குது."

"அப்போ பதினோராம் விதி?"

"அமலில் இருக்கு. திருத்தணும்னா முக்கால்வாசிப் பேர் கை தூக்கணும், நோட்டரி கையெழுத்துப் போடணும், நீதிமன்றத்துல பதியணும். ஏழு மாசம்."

"அதுவரைக்கும்?"

"நீங்க ஓட விடணும். நான் மூணாம் எச்சரிக்கை கொடுக்கணும். நீங்க தோட்டத்தைக் காலி பண்ணணும்." டோர்ன் அளவுகோலை மடக்கினார். "ரெண்டும் என் கடமை. நானும் தூங்காமத்தான் யோசிச்சேன்."

"ஓட விட்டா தோட்டம் போகும். விடலைன்னா கிழங்கு போகும். அப்படித்தானே?"

"சுருக்கமாச் சொன்னா அப்படித்தான். பிரிவு விழா ஒண்ணு நடத்துவோம். சங்கத்துச் செலவுல கேக் உண்டு."

"என்ன கேக்?" என்றான் நெவ்சாத்.

"நெவ்சாத்!"

"இல்லக்கா, சும்மா கேட்டேன்."

கெர்லிண்டே எழுந்தாள்.

"யாரும் கஷ்டப்பட வேண்டாம். நிறுத்தினா செத்துடும்னு அன்னைக்கே சொன்னேன். நிறுத்திப் பன்னிரண்டு நாளுக்கு மேல ஆச்சு. அது இனிமே சுத்தாது."

கூடத்தில் ஒரு முள்கரண்டி கீழே விழுந்தது.

"கொண்டாங்க, பாக்கலாம்," என்றார் டோர்ன்.

கூடத்துக்கு ஒட்டினாற்போல் இருந்தது முதலாம் தோட்டம். அங்கே ஆப்பிள் மரத்தடி மேசையில் பெட்டியை வைத்தார்கள். கூடத்திலிருந்து கேபிள் சுருளை இழுத்து மின்சாரம் கொடுத்தார்கள். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெந்நீர்ப் பை வைத்தார்கள். முடி உலர்த்தியால் ஊதினார்கள். நெவ்சாத் வறுத்த சாசேஜ் இருந்த இரும்புத் தட்டையே கவிழ்த்து மேலே மூடினான். எதுவும் நடக்கவில்லை.

"மணிக்கட்டைச் சுழட்டிப் பெட்டியைத் திருப்பணும்," என்றாள் கெர்லிண்டே. "ரெண்டு கையால கெட்டியாப் பிடிச்சு, படக்குன்னு. எனக்கு இப்போ அந்தப் பலம் இல்லை."

"ஊறுகாய் வெள்ளரி பாட்டில் திறக்கிற மாதிரியா?" என்று டோர்ன் கேட்டார்.

"அதே மாதிரி."

"நகருங்க," என்றார் டோர்ன். காலனியில் யாராலும் திறக்க முடியாத பாட்டில்கள் அவரிடம்தான் போகும். அளவுகோலை முதல்முறையாகக் கீழே வைத்தார். பெட்டியை அணைத்துப் பிடித்தார். மூச்சை அடக்கினார். படக்!

ஒரு முனகல். பிறகு ஒரு சிணுங்கல். பிறகு, தூக்கத்திலிருந்து கோபமாக எழுந்த ஓநாய்போல், ஊளை.

நாற்பது பேர் கைதட்டினார்கள். சிலர் அழுதார்கள். தேவாலய மணி ஒன்று அடித்தது.

கைதட்டல் நின்றது. எல்லோரும் டோர்னைப் பார்த்தார்கள். டோர்ன், கையில் ஊளையிடும் பெட்டியோடு, தம்மைச் சுற்றிலும் பார்த்தார். தம் ஆப்பிள் மரம். தம் வேலி. தம் செலரித் துளைகள்.

"எச்சரிக்கை யாருக்குப் போகும், டோர்ன் ஐயா?" என்று மெதுவாகக் கேட்டாள் கெர்லிண்டே. "பெட்டி வெச்சிருக்கிறவங்களுக்கா, தோட்டத்துக்கா?"

"சத்தம் எழுகிற தோட்டத்துக்கு," என்றார் அவர். வேறென்ன சொல்வார்? எழுதினது அவர்தானே.

பெட்டியைப் பத்திரமாக மேசையில் வைத்தார். கருவியை எடுத்து அளந்தார். ஐம்பத்திரண்டு. கூடத்துக்குள் போய்த் தட்டச்சு செய்தார். உறையில் போட்டு, வெளியே சுற்றி வந்து, தம் வேலிக்கதவின் தபால் பெட்டியில் போட்டார். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய், தபால் வந்திருக்கிறதா என்று பார்த்தார். நின்றபடியே படித்தார். முகம் சிவந்தது.

"கடுமையா எழுதியிருக்காங்க," என்றார். "ஆனா நியாயமான கடிதம்."

இரண்டாம் எச்சரிக்கை அடுத்த சனிக்கிழமை வந்தது. சத்தம் தொடர்ந்தால் வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமைதோறும் என்பது பன்னிரண்டாம் விதி. அதற்குள் எலிகள் பத்தாம் தோட்டம்வரை பின்வாங்கியிருந்தன. ஆனால் டோர்ன் மெலிந்துவிட்டார். அதற்கடுத்த சனிக்கிழமை அவர் தம்மையே காலி பண்ண வேண்டும்.

"யாருக்காவது அவரைக் காலி பண்ணத் தெரியுமா?" என்றான் நெவ்சாத்.

"அவருக்கு மட்டும்தான் தெரியும்," என்றாள் கெர்லிண்டே. "நீ உள்ளே வா. எனக்கு ஒரு யோசனை."

கணினியைப் போட்டாள். பாலாடைக்கட்டி டப்பாவில் பச்சை விளக்கு சத்தமில்லாமல் கண்சிமிட்டியது. நாற்பத்திரண்டு தோட்டம். தன்னுடையதை எடுத்தாயிற்று, நாற்பத்தொன்று. ஒவ்வொன்றும் ஆபத்தில்லாமல் இரண்டு எச்சரிக்கை தாங்கும். அதாவது இரண்டு வாரம். வருஷக் கடைசியில் எல்லா எச்சரிக்கையும் காலாவதி. ஏப்ரல் முதல் அக்டோபர்வரை பதினைந்து தோட்டம் மாறினால் போதும். மறு வருஷம் வேறு பதினைந்து. எந்த விதியையும் தொட வேண்டாம். ஒரு கையும் தூக்க வேண்டாம். கடிதத்தை ஊர் வாரியாக அனுப்புவதுபோல் பெட்டியைத் தோட்டம் வாரியாக அனுப்பினால் ஆயிற்று. மூன்று மணி அடிக்கும்வரை காத்திருந்து, ஊசி அச்சுப்பொறியில் பட்டியலை அடித்தாள்.

டோர்ன் அதை நாலு தரம் படித்தார்.

"இதுல யாரும் விதியை மீறாம இருக்கலை," என்றார். "எல்லாரும் மீறுறாங்க."

"முறைப்படி மீறுறாங்க."

"முறைப்படி," என்று சொல்லிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்குப் பிடித்திருந்தது. முத்திரை எடுத்து வரச் சொன்னார்.

நிறுத்தக் கூடாது என்பதால் பெட்டி ஓடிக்கொண்டேதான் இடம் மாறியது. தள்ளுவண்டியில் தலையணை, தலையணை மேல் பெட்டி, பின்னால் கேபிள் சுருளைச் சுற்றிச் சுற்றி விடுவதற்கு எட்டுப் பேர். முன்னால் அளவுகோலோடு டோர்ன். முதல் முறை நெவ்சாத்துக்கு. சனிக்கிழமை வந்த எச்சரிக்கையைச் சட்டம் போட்டு மிளகாய்ச் செடிக்கு மேலே மாட்டினான்.

"முப்பது வருஷம் சுரங்கத்துல வேலை பார்த்தேன். ஒருத்தனும் எனக்கு இவ்வளவு அழகாக் கடிதம் எழுதினதில்லை," என்றான். "அக்கா, உன் தோட்டத்துக்கு எப்போ வரும்?"

"எனக்குத்தான் ஏற்கனவே ரெண்டு இருக்கே. நான் ஒழுங்கா இருந்தாகணும்."

செப்டம்பரில் ஒரு மத்தியானம், ஊளை இருபத்துமூன்றாம் தோட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கெர்லிண்டே குடிசைக்குள் அந்த வருஷத்தின் முதல் கிழங்கைத் தராசில் வைத்தாள். தொண்ணூற்றொரு கிராம். எண் 41,207. பெற்றோர் 40,118. விசையை மெதுவாக அழுத்தினாள். பச்சை விளக்கு சிமிட்டியது. நிமிர்ந்தபோது ஜன்னலில் டோர்ன், கருவியை உள்ளே நீட்டிக்கொண்டு.

அவள் கிழங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருபத்தெட்டு," என்றார் அவர், கிசுகிசுப்பாக.

"உங்க மூச்சு, டோர்ன் ஐயா."

"இல்லை. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அளந்தேன்." முகம் நீலமாகியிருந்தது. "கொஞ்சம் அந்தக் கிழங்கைக் கீழே வைங்க. உங்க கை நடுங்குற சத்தம்தான் அது."

கீழே வைத்தாள். அவர் மறுபடியும் அளந்தார். மறு கையில் உறை இல்லை, அளவுகோல்தான்.